முக்திநாத் வழியில் ஒரு திண்ணை

பொம்மபுர ஆதீனத்தின் திருமடம் அமைந்த பொம்மையார்பாளையம் எங்கள் ஊர். மாசி மகத்தன்று மயிலம் முருகப் பெருமான் புதுவை வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, நானும் என் மனைவியும் அடியார்களுக்கு நீர்மோர் வழங்குவது பல்லாண்டு வழக்கம். விருந்தோம்பலில் நாம் எவருக்கும் குறைந்தவர் அல்லர் என்ற பெருமிதம் எனக்கு உண்டு. அந்தப் பெருமிதத்தை நேபாளத்து மூதாட்டி ஒருவர் ஓர் இரவில் கரைத்துவிட்டார்.

வைணவப் பெருமக்கள் போற்றும் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று சாளக்கிராமம். திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்களால் பாடிய இத்தலமே நேபாளத்து முக்திநாத் என்பர். கடல் மட்டத்திற்கு மேல் 3,700 மீட்டருக்கும் அதிகமான உயரம். சந்நிதிக்குப் பின்னே பிறை வடிவச் சுவரில் 108 நீர்த்தாரைகள். பனி உருகி வரும் அந்நீரில் நனைவதே அங்கே தீர்த்தமாடல். நம் பூசை அறைகளில் வீற்றிருக்கும் சாளக்கிராம மூர்த்தங்கள், அருகே ஓடும் காளி கண்டகி நதியின் படுகையில் கிடைப்பவை. பணி ஓய்வு பெற்ற நாள்முதல் என் மனைவி கேட்டுக்கொண்டிருந்த யாத்திரை இது. எனக்கு அறுபத்தாறு, அவளுக்கு அறுபத்திரண்டு வயதானபோதுதான் கைகூடியது.

தரிசனம் திவ்வியமாக நிறைவேறியது. திரும்பும் வழியில் காக்பேனி என்ற ஊரில், இரு நதிகள் கூடுமிடத்தில், மறைந்த பெற்றோர்க்குப் பிண்டமும் இட்டேன். பின்னர் ஜோம்சோமிலிருந்து போக்ராவுக்கு விமானம் ஏற வேண்டும். அப்பள்ளத்தாக்கில் நண்பகலுக்குப் பின் காற்று சுழன்றடிப்பதால், விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும். ஆவணி மழைமேகம் இரண்டு காலைகளை விழுங்கிவிட்டது. மூன்றாம் நாள் ஜீப் ஒன்றை அமர்த்திக்கொண்டு சாலை வழியே புறப்பட்டோம்.

அன்னபூர்ணா, தௌலகிரி ஆகிய இரு பெரும் சிகரங்களுக்கு நடுவே நதி அறுத்துச் செல்லும் பள்ளத்தாக்கு அது. காசா என்ற ஊரைக் கடந்து இறங்குகையில் அந்தி சாய்ந்தது, மழை வலுத்தது. முன்னே மண் சரிந்து சாலை அடைபட்டுவிட்டது. விடிந்த பின்னரே வழி திறக்கும் என்றனர். கையிலிருந்த பிஸ்கட்டுகள் நண்பகலிலேயே தீர்ந்திருந்தன. என் மனைவி நீரிழிவுக்கு மருந்து உண்பவள். சிறிது நேரத்தில் அவளுக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, சொல் குழறியது. சர்க்கரை அளவு இறங்கிவிட்டதென்று உணர்ந்தேன். சுற்றிலும் இருட்டும் மழையும். வாழ்நாளில் அதற்குமுன் அப்படி அஞ்சியதில்லை.

ஓட்டுநர் இளைஞர் தயங்கவில்லை. அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சாலைக்கு மேலே விளக்கு தெரிந்த ஒரு வீட்டை நோக்கி, “ஆமா! ஆமா!” என்று குரல் கொடுத்தபடி கற்படிகளில் ஏறினார். நேபாளியில் ‘ஆமா’ என்றால் தாய். என் செவியிலோ அது தமிழாகவே விழுந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டிருந்த வேண்டுதலுக்கு யாரோ ‘ஆம்’ என்பது போலிருந்தது.

எழுபது வயதிருக்கும் மூதாட்டி ஒருவர் வெளியே வந்தார். நாங்கள் யார், எவ்வூர் என்று எதையும் கேட்கவில்லை. என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். நொடியில் சர்க்கரை மிகுந்த சூடான தேநீர் வந்தது. அதை அவரே ஊதி ஊதி வாயருகே பிடித்துப் பருகச் செய்தார். கால் மணி நேரத்தில் அவளுக்குத் தெளிவு வந்தது. அதன் பின்னரே நான் அந்த வீட்டைப் பார்த்தேன்.

கல்லால் கட்டி, செம்மண் பூசிய வீடு. முன்புறம் நம் ஊர்த் திண்ணையேதான். உத்தரத்தில் மக்காச்சோளக் கதிர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. சாணமிட்டு மெழுகிய தரை. முற்றத்தில் மேடை கட்டி வளர்த்த துளசி. அதைக் கண்டதும் வழி தவறி நம் வீட்டுக்கே வந்துவிட்டோமோ என்றிருந்தது.

நான் பழக்கம் காரணமாகத் திண்ணையிலேயே நின்றிருந்தேன். அந்த அம்மையார் என்னையும் அடுப்பருகே அழைத்துத் தாழ்ந்த பலகையில் அமர்த்தினார். முக்திநாத்திலிருந்து வருகிறோம் என்று ஓட்டுநர் சொல்லியிருக்க வேண்டும். புலால் படாத வேறு பாத்திரத்தைக் கழுவி எடுத்துச் சோறு வடித்தார். பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். எச்சிலை அவர்கள் ‘ஜூட்டோ’ என்கிறார்கள். அதில் நம்மைப் போலவே கண்டிப்பு. பரிமாறும் கரண்டி எங்கள் தட்டில் படாமல் உயரத்திலிருந்தே இட்டார். யாத்திரையில் வெளியே உண்பதில்லை என்று நான் கொண்டிருந்த நியமம் அந்த அடுப்பின் முன்னே நினைவுக்கே வரவில்லை.

இளையான்குடி மாற நாயனாரை நினைத்துக்கொண்டேன். மழை பெய்த நள்ளிரவில் வாசலுக்கு வந்த அடியாருக்காக, அன்று விதைத்த நெல்லையே வாரி வந்து அமுது படைத்தவர். விறகுக்கு வீட்டுக் கூரையை அறுத்தவர். பெரிய புராணத்தில் படித்து மெய்சிலிர்த்திருக்கிறேன். அன்றிரவோ, மழையில் வாசலுக்கு வந்தவன் நான்.

உண்டபின், வங்கியில் தேர்வுக்காகக் கற்ற இந்தியில் அம்மையாரின் பேரனோடு பேசினேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்றதும், அவன் அதைப் பாட்டியிடம் சொன்னான். அவர் முகம் மாறியது. அவருடைய இளைய மகன் தென்னாட்டில் ஏதோ ஒரு நகரத்தில் இரவுக் காவல் வேலை செய்கிறானாம். மூன்றாண்டாக ஊர் வரவில்லையாம். என்னை நேராகப் பார்த்து அவர் ஏதோ கேட்டார். பேரன் மொழிபெயர்த்தான்:

“உங்கள் ஊரில் அவனுக்கு யாராவது வீட்டுச் சோறு போடுவார்களா?”

நான் வாய் திறக்கவில்லை. பொம்மையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பல ஆண்டுகளாக ஒரு நேபாளியர் காவல் இருக்கிறார். இந்தியாவும் நேபாளமும் 1950இல் செய்துகொண்ட உடன்படிக்கை இரு நாட்டு மக்களும் எல்லை கடந்து தடையின்றி வாழவும் உழைக்கவும் வழிசெய்தது; அவ்வாறு வந்த எத்தனையோ பேருள் ஒருவர். நள்ளிரவில் அவர் ஊதும் விசிலைக் கேட்டபடி நாங்கள் நிம்மதியாக உறங்குகிறோம். மாதத் தொடக்கத்தில் வருவார். வெளிக்கதவருகே பணத்தைக் கொடுப்பேன். தீபாவளிக்கு இனிப்பும் அங்கேயேதான். அவரை ‘கூர்க்கா’ என்று அழைப்பதன்றி அவர் பெயரை நான் கேட்டதில்லை. கதவைத் தாண்டி ஒருநாளும் அழைத்ததில்லை.

“போடுவார்கள்” என்று சொல்லியிருக்கலாம். காளி கண்டகிக் கரையில் பொய் சொல்ல மனம் வரவில்லை. என் மனைவிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே, “இனிமே போடுவோம்மா” என்றாள். மொழி புரியாமலேயே அவர் தலையசைத்தார்.

விடிந்ததும் வழி திறந்தது. பணம் நீட்டினேன், அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பையிலிருந்த மயிலம் முருகன் திருநீற்றை மனைவி கொடுத்தாள். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். தயிரும் அரிசியும் சிவப்பும் குழைத்த திலகத்தை எங்கள் நெற்றியில் இட்டு வழியனுப்பினார்.

தைத்திரீய உபநிடதம் தாய், தந்தை, ஆசானுக்கு அடுத்து அதிதியைத் தெய்வமாகக் கொள்ளச் சொல்கிறது. வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். இவற்றையெல்லாம் நான் மேடையில் பேசியிருக்கிறேன். நீர்மோர்ப் பந்தலில் நான் வழங்கியது, எனக்கு வசதியான நாளில், எனக்கு வசதியான இடத்தில். அந்த அம்மையார் கதவைத் திறந்ததோ, கேளாத நேரத்தில், முகமறியாதவர்க்கு. இரண்டும் ஒன்றல்ல என்று முக்திநாதன் எனக்கு உணர்த்த வேண்டியிருந்தது.

ஊர் திரும்பிய மாதம் காவலர் வழக்கம்போல் வந்தார். கதவைத் திறந்து, மலைவீட்டில் கற்ற வார்த்தைகளில், “கானா கானுபயோ?” என்று கேட்டேன். சாப்பிட்டீர்களா என்பது பொருள். அவர்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதும் இப்படித்தான். அவர் திகைத்து நின்றார். காலணியைக் கழற்றிவிட்டும் வாசற்படியில் தயங்கினார். “உள்ள வாப்பா” என்றாள் என் மனைவி.

பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன். வேறு மாவட்டம், வேறு மலை. அந்த அம்மையாரின் மகன் அல்லர். ஆனாலும் யாரோ ஒரு தாயின் மகன். வாழையிலையில் சோறும் பருப்பும் பரிமாறினோம். தலை நிமிராமல் உண்டார். கை கழுவியதும் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியில் யாரிடமோ வெகுநேரம் பேசினார். அவர் பேசியதில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்: “ஆமா.”