வரிசையும் ஒரு பொதுச்சொத்து!

விடுமுறைக் காலத்தில் பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சென்று வருவது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. நுழைவுச்சீட்டு, போக்குவரத்து, உணவு என்று நான்கு பேருக்கு ஆகும் செலவு, பல வீடுகளில் ஒரு மாத மளிகைச் செலவை நெருங்குகிறது. அந்தத் தொகைக்கு ஈடாகக் கிடைப்பது காலை முதல் மாலை வரையிலான ஏழெட்டு மணி நேரம். அதிலும் பெரும்பகுதி வரிசைகளில்தான் கழிகிறது.

அப்படிச் சென்று திரும்புபவர்களிடம் பேசிப் பாருங்கள். ராட்டினத்தைப் பற்றிய குறையைவிட, அங்கு வந்திருந்த மற்றவர்களைப் பற்றிய மனக்குறையே முதலில் வெளிப்படும். வரிசையில் குறுக்கே நுழைதல், ஒருவர் நின்றுகொண்டு பத்துப் பேருக்கு இடம் பிடித்தல், நீர்ச்சறுக்கில் முன்னே சென்றவர் விலகும் முன்பே பின்னாலிருந்து பாய்தல், குழந்தைகளை இடித்துத் தள்ளுதல், அடுத்தவர் குடும்பத்தைக் கேட்காமல் காணொலி எடுத்தல், பணியாளர்களை ஒருமையில் ஏசுதல் என்று அந்தப் பட்டியல் நீளும்.

'நம் மக்களுக்குப் பொது ஒழுக்கம் கிடையாது' என்று ஒரே வரியில் இதைக் கடந்துவிடுவோர் உண்டு. அது சரியான விளக்கம் அன்று. ஒழுங்குக்குப் பெயர்பெற்றதாகச் சொல்லப்படும் நாடுகளின் பூங்காக்களிலும் இதே புகார்கள் எழுகின்றன. சிலர் ஏன் அப்படி நடக்கிறார்கள், பலர் ஏன் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதை ஒரு சிறு கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம்.

ஒரு ரோலர் கோஸ்டரில் 24 பேர் அமரலாம். இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை அது புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 720 பேர் ஏறலாம். வரிசையில் 360 பேர் நின்றால், கடைசியில் சேருபவர் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இப்போது ஆறு பேர் கொண்ட குழு ஒன்று முன்பகுதியில் நுழைந்துவிடுகிறது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் மிச்சம். ஆறு பேருக்குமாக மூன்று மணி நேரம்.

அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது? அவர்களுக்குப் பின்னால் நிற்கும் 360 பேரும் சராசரியாகத் தலா அரை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். அதைக் கூட்டினால் 180 நிமிடங்கள், அதாவது அதே மூன்று மணி நேரம். குறுக்கே நுழைந்தவர் மிச்சப்படுத்தியதாக எண்ணிக்கொள்ளும் நேரம் முழுவதும் பிறரிடமிருந்து எடுக்கப்பட்டது. யாருக்கும் கேடில்லாமல் கிடைத்த லாபம் அதில் ஒரு நொடிகூட இல்லை.

இந்தக் களவு ஏன் எளிதாக நடக்கிறது என்பதற்கும் இதே கணக்கில் விடை உண்டு. நுழைந்தவருக்கு அரை மணி நேரம் லாபம். நிற்பவருக்கு அரை நிமிடம் மட்டுமே இழப்பு. அரை நிமிடத்துக்காக யார் சண்டைக்குப் போவார்கள்? லாபம் சிலரிடம் குவிந்தும் இழப்பு பலரிடம் சிதறியும் இருக்கும்போது, பலர் ஒன்றுசேர்ந்து செயல்படுவது அரிது என்பதை மான்சர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். மேலும், தட்டிக்கேட்பவர் வசைக்கும் கைகலப்புக்கும் தனியாக ஆளாகிறார். பலன் பின்னால் நிற்கும் அனைவருக்கும் பொதுவாகப் போகிறது. அதனால் 'வேறு யாராவது கேட்கட்டும்' என்று ஒவ்வொருவரும் காத்திருக்க, யாருமே கேட்பதில்லை.

உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவருடைய குழுவினரும் நியூயார்க் நகரில் 129 வரிசைகளில் நடத்திய ஆய்வு 1986-இல் வெளியானது. ஆய்வாளர்களே வேண்டுமென்று வரிசைகளில் குறுக்கே நுழைந்து, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தனர். ஒருவர் மட்டும் நுழைந்தபோது சுமார் பாதி வரிசைகளில்தான் எதிர்ப்பு எழுந்தது. இருவர் சேர்ந்து நுழைந்தபோது பத்தில் ஒன்பது வரிசைகளில் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் நுழைந்த இடத்துக்குப் பின்னால் நின்றவர்கள். முன்னால் நின்றவர்களுக்கு இழப்பில்லை. எனவே அவர்கள் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதோடு சரி.

இதிலிருந்து பார்வையாளர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள் சில உள்ளன. முதலாவது, கேட்பதானால் உடனே கேட்க வேண்டும். நுழைந்தவர் நிலைபெற்று ஐந்து நிமிடங்கள் ஆன பிறகு அந்த இடம் தமக்கே உரியது என்று அவர் நம்பத் தொடங்கிவிடுவார். இரண்டாவது, தவறாக நினைத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு பேச வேண்டும். 'தம்பி, வரிசை அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது' என்பதுபோல ஒரு வாக்கியம் போதும். முன்பின் தெரியாதவரை அண்ணா, அக்கா, தம்பி என்று அழைக்க நம் மொழி இடம் தருகிறது. எதிராளி முகம் கோணாமல் பின்வாங்க அது ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. உண்மையிலேயே தெரியாமல் வந்தவர் நகர்ந்துவிடுவார்.

மூன்றாவது, தனியாகப் பேசுவதைவிட அருகில் நிற்கும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சொல்வது நல்லது. அப்போது அது தனிநபர் சச்சரவாகத் தோன்றாது. வரிசையின் குரலாக ஒலிக்கும். அதற்கும் அவர் அசையவில்லை என்றால், பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டுப் பணியாளரை அழைக்க வேண்டும். இரண்டாம் முறை குரல் உயர்ந்தால் மூன்றாம் முறை கை உயரும்.

அதற்குச் சான்று உண்டு. 2022 ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் இரு குடும்பங்கள் மோதிக்கொண்ட காட்சி உலகம் முழுவதும் பரவியது. வரிசையிலிருந்து வெளியே சென்ற ஒருவர் திரும்பிவந்து தம் குடும்பத்தினருடன் சேர்ந்துகொள்ள முயன்றதுதான் தொடக்கம் என்று செய்திகள் தெரிவித்தன. அதே மாதத்தில் கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில் இளைஞர்களிடையே மோதல் ஏற்பட்டது. அதன்பின், வாரத்தின் குறிப்பிட்ட நாள்களில் 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் குறைந்தது 21 வயதான ஒருவரின் துணையோடு வந்தால் மட்டுமே அனுமதி என்ற விதி அங்கு வந்தது. சிலரின் முரட்டுத்தனத்துக்கு, ஒழுங்காக நடந்துகொள்ளும் பிள்ளைகளும் விலை கொடுக்க நேர்ந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவது அவசியம். குறுக்கே நுழைவது பண்பின்மை. அதைப் பொறுத்துக்கொள்வதும் கேட்பதும் நம் விருப்பம். அலைக்குளத்தில் நெரிசலைப் பயன்படுத்திப் பெண்களைத் தீண்டுவதும், ஆபாசமாகப் பேசுவதும், உடைமாற்றும் இடத்தில் கைப்பேசியை நீட்டுவதும் பண்பின்மை அல்ல, குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 75, 77 ஆகிய பிரிவுகள் இவற்றுக்குத் தண்டனை விதிக்கின்றன. தமிழகத்தில் 1998 முதல் இதற்கெனத் தனிச்சட்டமும் உண்டு. 'வந்த இடத்தில் எதற்கு வம்பு' என்று அந்தப் பெண்ணையே அடக்கும் வழக்கத்தைக் குடும்பத்தினர் கைவிட வேண்டும். உடனடியாகப் பூங்காப் பாதுகாவலரிடம் தெரிவிப்பதும், 112 அல்லது 181 என்ற எண்ணை அழைப்பதும், பாதிக்கப்பட்டது குழந்தை எனில் 1098-ஐ அழைப்பதுமே முறை.

பார்வையாளரின் கடமை இவ்வளவுதான். இதற்கு மேலுள்ள பொறுப்பு பூங்கா நிர்வாகத்தைச் சேர்ந்தது. ஏரிப் பாசனத்தில் முறைத்தண்ணீர் விடும் ஊர்களில் நீர்ப்பாய்ச்சி அல்லது நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை அவர் கவனித்துக்கொள்வார். அதனால் கடைமடை விவசாயி மண்வெட்டியோடு தலைமடைக்காரரின் வரப்பில் போய் நிற்க வேண்டியதில்லை. வரிசையும் அப்படிப்பட்ட ஒரு பொதுச்சொத்தே. அதைக் காக்கும் வேலையைக் கட்டணம் செலுத்தி வந்தவரிடம் விட்டுவிடுவது நியாயமாகாது.

பொதுவளங்களைப் பயனாளிகள் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்து நிற்கும் ஏற்பாடுகளில் சில பொதுக்கூறுகளைக் கண்டார். தெளிவான விதி, கண்காணிக்க ஓர் ஆள், படிப்படியாகக் கூடும் தண்டனை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. பூங்காவுக்கும் இது பொருந்தும். முதல் முறை எச்சரிக்கை, அடுத்து வரிசையின் கடைசிக்கு அனுப்புதல், அதற்கும் அடங்காதவரைப் பூங்காவிலிருந்து வெளியேற்றுதல் என்று வாயிலிலேயே எழுதி வைக்கலாம். எழுதி வைத்தால் மட்டும் போதாது. ஒரு நாளில் ஒருவர் மீதாவது அது செயல்படுத்தப்படுவதைப் பிறர் காண வேண்டும்.

நடத்தையைக் கெடுப்பதில் நிர்வாகத்தின் விதிகளுக்கும் பங்கு உண்டு. ஹாங்காங் டிஸ்னிலாந்து 2005-இல் திறக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விடுமுறையின்போது, எந்த நாளில் வேண்டுமானாலும் செல்லத்தக்க சீட்டுகளுடன் பெருங்கூட்டம் வந்து சேர்ந்தது. இடம் நிரம்பிவிட்டதென வாயில்கள் மூடப்பட்டன. சீட்டு வைத்திருந்தும் உள்ளே போக முடியாத மக்கள் வேலியேறிக் குதித்தனர். வேலிக்கு மேலாகக் குழந்தைகளை உள்ளே அனுப்பிய பெற்றோரும் உண்டு. மற்றொரு நாளில் அதே மக்கள் அமைதியாக வரிசையில் நின்றிருப்பார்கள். கொள்ளளவுக்கு மேல் சீட்டு விற்றுவிட்டு, நெரிசலில் முண்டியடிப்பவரைப் பண்பற்றவர் என்று பழிப்பதில் பொருளில்லை.

காத்திருப்பின் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரை இன்றும் மேலாண்மை வகுப்புகளில் பாடமாக உள்ளது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும், நியாயமற்ற காத்திருப்பும் உள்ளதைவிட நீண்டதாகத் தோன்றும் என்பது அவர் கருத்து. 'இங்கிருந்து 40 நிமிடங்கள்' என்ற ஒரு பலகை, வெயில் படாத கூரை, குடிநீர், இடைநுழைய முடியாதபடி வளைந்து செல்லும் தடுப்புக் கம்பிகள் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஒரு புதிய ராட்டினத்தின் விலையில் சிறு துளியாகவே இருக்கும்.

இடம் பிடிப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களும் அல்லர். பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகிய நமக்கு அது குடும்பக் கடமையாகவே தோன்றும். கைக்குழந்தையுடன் வந்த பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர்தான் ஏற முடியும். அத்தகையோருக்காக, முதலில் ஒருவர் ஏறி இறங்கியதும் மற்றவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் ஏறும் முறை டிஸ்னி பூங்காக்களில் உள்ளது. நியாயமான தேவைக்கு விதியிலேயே வழி இருந்தால், விதியை மீறுவதற்குச் சாக்கு குறையும்.

கூடுதல் கட்டணம் செலுத்துவோருக்குத் தனி விரைவு வரிசை என்பது இன்னொரு சிக்கல். டிஸ்னி 1999-இல் தொடங்கிய விரைவுச்சீட்டு முறை இலவசமாக இருந்தது. 2021-இல் அதன் இடத்தில் கட்டண முறை வந்தது. இந்தியப் பூங்காக்களிலும் விரைவுச்சீட்டு விற்கப்படுகிறது. பொருளாதாரப் பாடநூலின்படி, நேரத்தை அதிகம் மதிப்பவர் அதிக விலை கொடுப்பதில் தவறில்லை. ஆனால், 'முந்திச் செல்வதற்கு ஒரு விலை உண்டு' என்று நிர்வாகமே அறிவித்த பிறகு, வரிசைக்கு இருந்த மதிப்பு சற்றுத் தளர்ந்துவிடுகிறது. மைக்கேல் சாண்டல் 2012-இல் வெளியிட்ட சந்தையின் எல்லைகள் பற்றிய நூலின் முதல் அத்தியாயமே வரிசை தாண்டுவதைப் பற்றியதுதான்.

விரைவுச்சீட்டு வாங்கியவர் மீது கோபப்படுவது முறையன்று. அவர் விதிக்குள் நடப்பவர். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை இருக்கைகள் அவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன என்பதைப் பொது வரிசையில் நிற்பவர் அறியும்படி எழுதி வைப்பதும், அந்த அளவைத் தாண்டாமல் இருப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு. கட்டணம் வாங்கிக்கொண்டு பாதுகாப்பிலும் ஒழுங்கிலும் குறை வைத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக் குறைபாடு என்று முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

முந்திச் செல்லும் ஆசை எதுவரை போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாற்றுத்திறனாளிகள் நீண்ட நேரம் நிற்காமல் விரைவாக ஏறுவதற்கு டிஸ்னி பூங்காக்களில் ஒரு சலுகை அட்டை இருந்தது. வசதி படைத்த சிலர், மாற்றுத்திறனாளிகளைக் கூலிக்கு அமர்த்தித் தம் குடும்பத்தில் ஒருவர்போல அழைத்துச் சென்று முந்துகிறார்கள் என்ற செய்தி 2013-இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த முறை மாற்றப்பட்டு, குறிப்பிட்ட நேரம் கழித்துத் திரும்பி வருமாறு சீட்டு தரும் ஏற்பாடு வந்தது. இரைச்சலையும் நெரிசலையும் தாங்க முடியாத ஆட்டிசம் பாதிப்புள்ள குழந்தைகளின் பெற்றோர் அதனால் பெரிதும் கலங்கினர். ஏமாற்றியவர்கள் வேறு வழி தேடிக்கொண்டிருப்பார்கள். ஏமாற்றத் தெரியாதவர்களுக்குத்தான் கதவு குறுகியது.

பண்பற்ற நடத்தையின் உண்மையான விலை இதுதான். அரை நிமிடம் என்று நாம் அலட்சியம் செய்வது, இறுதியில் மிகவும் நலிந்தவரின் கணக்கில் பற்று வைக்கப்படுகிறது. பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் குழந்தை, ராட்டினத்தைப் பார்ப்பதற்கு முன்பு பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 'அந்த இடைவெளியில் நுழைந்துவிடு' என்று அதன் காதில் சொல்வதா, 'நம் முறை வரட்டும்' என்று சொல்வதா என்பதை முடிவுசெய்ய எந்த நிர்வாகமும் தேவையில்லை.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).