வீ கன்சோலை அப்டேட் செய்யும் முன் அடியில் பாருங்கள்

சமீபத்தில் நண்பர் ஒருவரிடம் பழைய நின்டென்டோ வீ கேம் கன்சோல் வாங்கினேன். ஏற்கனவே மாற்றம் செய்யப்பட்டது. ஹோம்புரூ சேனல் இருந்தது. வீ செட்டிங்ஸ் திரையின் வலது மேல் மூலையில் பதிப்பு எண் 4.1யூ. கடைசி எழுத்துதான் ரீஜன்: யூ அமெரிக்கா, ஈ ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும், ஜே ஜப்பான், கே கொரியா. அமெரிக்கக் கன்சோல்தானே, 2010-ல் வந்த 4.3யூ-வை ஏற்றிவிடலாம் என்று கை துறுதுறுத்தது.

நல்லவேளை, அடிப்புறத்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். மாடல் எண் ஆர்விஎல்-001, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கேஓஆர். சீரியல் எண்ணும் எல்கே என்று தொடங்கியது (அமெரிக்கா என்றால் எல்யூ). அசல் கொரியக் கன்சோல்! யாரோ ரீஜனை மாற்றியிருக்கிறார்கள்.

திரையில் தெரியும் எழுத்து மென்பொருளின் எழுத்து. ரீஜன் மாற்றும் புரோகிராம்கள் மெனுவையும், செட்டிங் ஃபைலையும் மாற்றிவிடும். ஆனால் கொரியக் கன்சோலுக்கென்று தனியாக ஒரு 'கீ' உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. அது அப்படியே இருக்கும். 2009 செப்டம்பரில் வந்த 4.2 முதல், சிஸ்டம் மெனு இதைச் சோதிக்கிறது. கொரியக் கீ இருந்து, மெனு கொரியன் இல்லையென்றால் 003 என்ற பிழைச் செய்தி வரும். அதோடு சரி, மெனுவுக்குள் நுழையவே முடியாது. 4.1 வரை இந்தச் சோதனை கிடையாது. அதனால்தான் என் கன்சோல் அதுவரை ஒழுங்காக ஓடியது.

புதிய கேம் டிஸ்க்கும் அப்டேட் கேட்கும் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகள் 'ஓகே' அழுத்திவிட்டால் தீர்ந்தது கதை.

ஆகவே ஸ்டிக்கரும் திரையும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். கூடு மாற்றியிருந்தால் ஸ்டிக்கரையும் நம்ப முடியாது; விற்றவரிடம் கேளுங்கள். எதைத் தொடும் முன்பும் பூட்மீ மூலம் நினைவகம் முழுவதையும் பேக்கப் எடுங்கள். 512 எம்பிதான், 1 ஜிபி எஸ்டி கார்டு போதும். அந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி வையுங்கள். கன்சோல் முடங்கிய பிறகும் பூட்மீ இயங்க வேண்டுமானால் அது பூட்2 பகுதியில் இருக்க வேண்டும். அது பழைய கன்சோல்களில் மட்டுமே முடியும்.

கொரிய மெனுவுக்கே திருப்பினால் தாராளமாக 4.3கே போடலாம். நான் 4.1-லேயே விட்டுவிட்டேன். எஸ்டி கார்டு மெனு 4.0-லேயே வந்துவிட்டது, 4.3-ல் விளையாடுபவருக்குப் புதிதாக ஒன்றுமில்லை.