மூட்டையில் மூன்று எண்கள்!

நாஞ்சில் நாட்டில் வீட்டைச் சுற்றி நாலு தென்னையாவது நிற்கும். அதற்கு உரம் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். "நல்ல உரமாகக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். மூட்டை வீட்டுக்கு வருகிறது. அதன் மேல் 3 எண்கள் இருக்கின்றன. அவை என்ன?

முதல் எண், தழைச்சத்து. இலை செழிக்க இது வேண்டும்.

இரண்டாவது, மணிச்சத்து. வேர் ஊன்றவும், பூ பிடிக்கவும் உதவும்.

மூன்றாவது, சாம்பல் சத்து. காய் பருக்கவும், மரம் வறட்சியைத் தாங்கவும் உதவும்.

இந்த வரிசை மாறாது.

100 கிலோ உரத்தில் எத்தனை கிலோ சத்து என்பதே அந்த எண். 17:17:17 என்று இருந்தால், 50 கிலோ மூட்டையில் ஒவ்வொரு சத்தும் எட்டரை கிலோ இருக்கும்.

டி.ஏ.பி. மூட்டையைப் பாருங்கள். 18:46:0. கடைசியில் பூஜ்யம்! சாம்பல் சத்து துளியும் இல்லை.

ஆனால், தென்னை அதிகம் கேட்பதே சாம்பல் சத்துதான்!

5 வயதைத் தாண்டிய நெட்டைத் தென்னைக்கு, ஆண்டுக்கு 560 கிராம் தழைச்சத்தும், 320 கிராம் மணிச்சத்தும், 1,200 கிராம் சாம்பல் சத்தும் வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ வாங்கினால் கணக்கு சரியாகிவிடும். தொழு உரம் 50 கிலோவும் சேர்க்க வேண்டும். ஜூன், ஜூலையில் பாதி. டிசம்பர், ஜனவரியில் பாதி. மரத்தைச் சுற்றி 6 அடி தூரத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது இட வேண்டும்.

டி.ஏ.பி.யை மட்டும் கொட்டினால் பணம் போகும். தென்னை கேட்டது கிடைக்காது.

அடுத்த முறை கடையில், காசு கொடுக்கும் முன் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாவது எண் என்ன?