வன்னியின் கத்தோலிக்க திருச்சபை: யாருக்கு யார் பொறுப்பு?

வன்னிப் பெருநிலப்பரப்பு ஒன்றுதான். ஆனால் கத்தோலிக்க திருச்சபையின் நிர்வாகத்தில் அது இரண்டு மறைமாவட்டங்களுக்குள் அடங்குகிறது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டத்திற்குள் வருகின்றன. வவுனியா, 1981 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

அடித்தளத்தில் இருப்பது பங்கு. அதற்குப் பொறுப்பானவர் பங்குத்தந்தை. பங்கு மக்களின் அருட்பணிச் சபை அவருக்கு ஆலோசனை சொல்லும், முடிவு அவருடையதே. அயலிலுள்ள சில பங்குகள் சேர்ந்தது மறைக்கோட்டம். மறைமாவட்டம் முழுவதற்கும் தலைவர் ஆயர். நிர்வாகத்தில் அவருக்குத் துணையாகக் குருமுதல்வர் இருப்பார். பங்குத்தந்தையரை நியமிப்பதும் இடம் மாற்றுவதும் ஆயரே. ஆயரை நியமிப்பவரோ பாப்பரசர். 75 வயதானதும் பதவி விலகல் கடிதத்தையும் அவரிடமே கையளிக்க வேண்டும். ஆயரை இடம் மாற்ற அரசாங்கத்தாலோ கொழும்புப் பேராயராலோ முடியாது.

இதன் பெறுமதியைப் போருக்குப் பின் கண்டோம். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். கச்சேரித் தரவுகளின்படி 2008 ஒக்டோபர் ஆரம்பத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

2021 ஏப்ரல் 1 இல் ஆண்டகை காலமானார். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.