ஏரி போனது, பூங்கா நின்றது

சைத்திர மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பெங்களூரில் கரகத் திருவிழா நடக்கும். திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து பூசாரியும் வாளேந்திய வீரகுமாரர்களும் சம்பங்கி ஏரிக்கு வருவார்கள். திரௌபதி அம்மன் கரகமாக ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சடங்குகளை ஏரிக்கரையில்தான் செய்ய வேண்டும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். ஆனால் அவர்கள் வந்து நிற்கும் இடத்தில் இப்போது ஏரி கிடையாது. கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. அரங்கத்தின் ஓரமாகச் சின்னச் சதுரக் குளம் ஒன்று இருக்கிறது. சம்பங்கி ஏரியில் மிச்சம் அவ்வளவுதான்.

அங்கிருந்து கஸ்தூர்பா சாலையைக் கடந்தால் கப்பன் பூங்கா. 1870-ல் போட்ட பூங்கா இன்றும் மரமும் நிழலுமாக நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் இருந்த இரண்டு பொது இடங்களில் ஒன்று மண்மூடிப் போனது, மற்றொன்று பிழைத்துக்கொண்டது. இந்த ஊரில் காலாற நடக்கவும், பிள்ளைகளை ஓடவிடவும், பறவை பார்க்கவும் இனி இடம் இருக்குமா என்று கவலைப்படுகிறவர்கள், ஏன் இப்படி ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் ஏரியின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சம்பங்கி ஏரி ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஏரிகளில் ஒன்று. கரையோரம் திகளர்கள் கீரையும் காய்கறியும் பூவும் பயிரிட்டார்கள். தமிழ் மண்ணிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர் என்று கருதப்படும் தோட்டக்காரச் சமூகம் அது. கரகத்தை நடத்துகிறவர்களும் அவர்கள்தான். மாடு மேய்ந்தது, துணி துவைத்தார்கள், வண்டல் எடுத்துச் செங்கல் அறுத்தார்கள். ஏரி பலருக்கும் சோறு போட்டது.

1896-ல் ஹெசரகட்டா நீர்த்தேக்கத்திலிருந்து குழாயில் தண்ணீர் வரத் தொடங்கியது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் குழாய் வந்த பிறகு ஏரித் தண்ணீரை நம்பி வாழ வேண்டிய தேவை ஆட்சியாளர்களுக்கு இல்லாமல் போனது. தோட்டக்காரர்களுக்கு மட்டும் இருந்தது. தண்ணீரைத் தேக்கி வையுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். ஏரிப் படுகையில் போலோ ஆட இடம் வேண்டும் என்றார்கள் வெள்ளைக்காரர்கள். யார் சொல் எடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1930-களில் ஏரி சுருங்கிச் சின்னக் குளமாகிவிட்டது. பிறகு அது மைதானம், பிறகு அரங்கம். 1997 தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போது இன்றைய கண்டீரவா அரங்கம் தயாரானது.

மற்ற ஏரிகளின் கதையும் இதேதான். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஆனது. சூளை ஏரி கால்பந்து அரங்கம் ஆனது. அக்கித்திம்மனஹள்ளி ஏரியில் ஹாக்கி அரங்கம். சல்லகட்டா ஏரியில் கோல்ஃப் மைதானம். கோரமங்கலா ஏரியில், 1997 போட்டிக்கு வந்த வீரர்கள் தங்குவதற்காக அடுக்குமாடிகள். சென்னையில் இருப்பவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டாம். தியாகராய நகரும் ஏரிக்குள் எழுந்த ஊர்தான்.

விளையாட இடம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. என்னை உறுத்துவது, இவை பறிபோன வரிசை. ஏரியில் கை நனைத்துப் பிழைத்தவர்களை முதலில் அப்புறப்படுத்தினார்கள். அடுத்து, பார்த்து ரசிக்கவும் ஆடவும் வந்தவர்களிடம் இடம் போனது. அவர்களுக்கு இது போனால் இன்னொரு இடம். கடைசியில் கட்டடம் வந்தபோது, இது எங்கள் வயிறு என்று சொல்லி மறிக்க ஆளே இல்லை.

கப்பன் பூங்கா இந்த வரிசைக்குத் தப்பியது எப்படி? மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் சாங்கி வடிவமைத்தபோது அதன் பரப்பு 100 ஏக்கர். மீட் பூங்கா என்று தொடங்கி, மார்க் கப்பன் பெயரைத் தாங்கி, 1927-ல் சாமராஜேந்திரர் பூங்கா என்று மாறியது. பரப்பு 300 ஏக்கர் வரை விரிந்தது. கடிபடவும் செய்தது. நூலகம், அருங்காட்சியகம், கிளப்புகள், டென்னிஸ் திடல், பால பவன் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. பாலக்காட்டுத் தமிழர் சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்ததன் நினைவாக 1915-ல் எழுந்த சிவப்பு நூலக மண்டபமும் அவற்றில் ஒன்று. அது அழகான கட்டடம், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனாலும் இப்படி நல்ல காரணத்துக்காக ஒவ்வொரு கட்டடமாக வந்துகொண்டே இருந்தால் ஒரு பூங்கா எத்தனை காலம் தாங்கும்?

1975-ல் கர்நாடக அரசு பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கப்பன் பூங்காவின் நிலத்தையும் லால்பாகின் நிலத்தையும் விற்கவோ வேறு வேலைக்குக் கொடுக்கவோ கூடாது என்று எழுத்தில் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் 1998-ல் பூங்காவின் ஒரு பகுதியை அதன் பாதுகாப்பிலிருந்து விலக்க அரசு முயன்றது. நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள், மாணவர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள் எல்லோரும் சாலைக்கு வந்தார்கள். வழக்கும் போட்டார்கள். சட்டத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

இன்று அந்தப் பூங்காவை ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குறுக்கு வழியாகக் கார்கள் பாய்ந்துகொண்டிருந்த உள்சாலைகளை 2015 முதல் ஞாயிறுதோறும் தடுப்பு வைத்து மூடுகிறார்கள். அந்தத் தாரில் சக்கரச் செருப்புக் கட்டிய சிறுமி விழுந்து எழுகிறாள். சிவாஜி நகரிலிருந்து வந்த குடும்பம் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் போர்வை விரித்துத் தூக்குச்சட்டியைத் திறக்கிறது. புளியோதரை வாசனை பாதைவரை வருகிறது. பாட்டி பேரனைத் தமிழில் அதட்டுகிறார், பேரன் கன்னடத்தில் பதில் சொல்கிறான். இரவுப் பணி முடித்த காவலாளி ஒருவர் காலணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பெஞ்சில் அயர்ந்து தூங்குகிறார். சனிக்கிழமை வந்தால் புல்தரையில் வரிசையாகப் பாய். இளைஞர்கள் பேசாமல் புத்தகம் படிக்கிறார்கள். 2023 தொடக்கத்தில் ‘கப்பன் ரீட்ஸ்’ என்று ஆரம்பித்த அந்தப் பழக்கம் இப்போது பல ஊர்களுக்குப் பரவிவிட்டது. இத்தனைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. இந்தப் பூங்காவின் மிகப் பெரிய பாதுகாப்பு இதுவே என்பேன். காசு இல்லாதவனும் தனதென்று நினைக்கும் இடத்தில் கைவைக்க எந்த அரசும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கும்.

ஏரிகளிலும் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள். 2002-ல் தொடங்கிய ஏரி மேம்பாட்டு ஆணையம், ஹெப்பாள், நாகவாரா, அகரா ஏரிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது. பராமரிப்புச் செலவு அரசுக்கு மிச்சம், மக்களுக்குப் படகும் பொழுதுபோக்கும் கிடைக்கும் என்பது வாதம். அதுவரை சும்மா நடந்து போனவர்கள் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. மீன் பிடித்தவர்களுக்கும் மாடு குளிப்பாட்டியவர்களுக்கும் உள்ளே வேலை இல்லை. 2008-ல் என்விரான்மென்ட் சப்போர்ட் குரூப் அமைப்பு பொதுநல வழக்குத் தொடுத்தது. நீதிபதி என்.கே. பாட்டீல் குழு ஏரிகளை ஆராய்ந்து அறிக்கை தர, 2012-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏரிகளைக் காக்க மாவட்டந்தோறும் குழுக்கள் அமைக்கச் சொன்னது.

தீர்ப்பு ஒருபக்கம், தண்ணீரின் நிலை இன்னொரு பக்கம். 2015-ல் பெள்ளந்தூர் ஏரியிலிருந்து நுரை பொங்கிச் சாலையில் போனவர்கள் மேல் விழுந்தது. 2017 பிப்ரவரியில் அதே ஏரி தீப்பிடித்து எரிந்தது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டது தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். அதே ஏரியில் 2016 மார்ச்சில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஆறுதலாகச் சொல்லவும் சில உண்டு. சர்ஜாபூர் சாலைக் கைகொண்டனஹள்ளி ஏரியை அக்கம்பக்கத்து மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்டார்கள். ஜக்கூரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீர், நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பு வழியாக வடிந்து ஏரிக்குள் இறங்குகிறது. நீர்க்காகங்களும் நாமக்கோழிகளும் அங்கே சாதாரணம்.

ஆனால் மீட்டெடுத்த ஏரிகளிலும் பழைய வரிசை மீண்டும் தொடங்குகிறதோ என்ற பயம் எனக்கு உண்டு. தென்கிழக்குப் பெங்களூரில் ஓர் ஏரி. சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே நடைபாதை, வாசலில் காவலாளி. ஒருநாள் காலை, அறுத்த புல்லைக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் வெளியே வந்தார். “வாக்கிங் நேரத்துல வராதேன்னு எத்தனை தடவ சொல்றது?” என்று காவலாளி கடிந்துகொண்டார். ஓசூர்ப் பக்கத்துத் தமிழில் பேசிய அந்த அம்மாவிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். எட்டு வயதிலிருந்தே இந்தக் கரையில் புல் அறுக்கிறாராம். “ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் சார் டேங்கர் வரும். அதோ அந்த மூலையில குழாயை உள்ள விட்டுருவாங்க. அன்னிக்கு அந்தப் பக்கத்துப் புல்லு நாறும், மாடு வாய் வைக்காது” என்றார். தினமும் அந்த மூலையைக் கடந்து நடக்கும் எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. நாற்றம் வந்தால் நாங்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வேகமாக நடப்போம். அந்த அம்மாவுக்கு அது மாட்டின் தீவனம். எந்த நாள், எந்த மூலை என்று அவருக்குத்தான் கணக்குத் தெரியும். ஏரியின் முதல் காவலரை வாசலில் நிறுத்தி விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

திறக்கும் நேரமும் இதே போன்ற கதவுதான். மாநகராட்சிப் பூங்காக்கள் நடுப்பகலில் பூட்டியே கிடந்தன. வெயிலில் சற்று உட்கார நினைக்கும் வீட்டுவேலைக்காரம்மாவுக்கும் உணவு கொண்டுபோகும் பையனுக்கும் அந்த நிழல் கிடைக்கவில்லை. 2024-ல்தான் காலை 5 மணி முதல் இரவு 10 மணிவரை திறந்துவைக்க உத்தரவு வந்தது. சின்ன மாற்றம்தான், ஆனால் பெரிய நல்ல காரியம். ஏரிகளுக்கும் இதைச் செய்யலாம்.

ஊரின் விளிம்பில் இன்னும் கொஞ்சம் பொது நிலம் மிச்சமிருக்கிறது. ஏ.டி. ராமசாமி தலைமையிலான சட்டமன்றக் கூட்டுக் குழு பெங்களூர் மாவட்டத்தில் 27,000 ஏக்கருக்கு மேல் அரசு நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது நினைவிருந்தால், மிச்சத்தின் அருமை புரியும். கனகபுரா சாலை துரஹள்ளிக் காட்டில் இளைஞர்கள் பாறை ஏறுகிறார்கள், மண்பாதையில் சைக்கிள் விடுகிறார்கள். 2021-ல் அங்கே மரப்பூங்கா அமைக்கும் திட்டம் வந்தது. காட்டைக் காடாக விடுங்கள் என்று மக்கள் திரண்டு எதிர்த்ததும் திட்டம் கைவிடப்பட்டது. குழாயில் முதல் தண்ணீர் வந்த ஹெசரகட்டாவின் புல்வெளி, திரைப்பட நகரம் உள்ளிட்ட பல திட்டங்களின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வல்லூறும் பூனைப்பருந்தும் வந்து தங்கும் அந்தப் புல்வெளியைச் சுற்றி 5,600 ஏக்கருக்கு மேல் பாதுகாப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் 2024-ல் ஒப்புக்கொண்டது. பாதுகாப்பகம் என்ற பெயரில் அங்கே ஆடுமாடு மேய்ப்பவர்களை வெளியே தள்ளிவிடக் கூடாது. புல்வெளி புல்வெளியாக நீடிப்பதில் மேய்ச்சலுக்கும் பங்கு உண்டு.

சட்டம் காக்கும் லால்பாகையும் 2025-ல் சுரங்கச் சாலைத் திட்டம் எட்டிப்பார்த்தது. ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம் அது. அதன் குன்றின் பாறைக்கு 300 கோடி ஆண்டு வயது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அரசு மறுபரிசீலனை பற்றிப் பேசியது. இப்படிப்பட்ட திட்டங்கள் இனியும் வரும். ஒவ்வொன்றுக்கும் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் காலக்கெடு இருக்கும். அந்த நாளுக்குள் எழுதிக் கொடுங்கள். நடைப்பயிற்சிச் சங்கத்தார் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. உங்கள் ஏரியில் புல் அறுப்பவரிடமும் வலை வீசுபவரிடமும் தோட்டத்தில் வேலை செய்பவரிடமும் காகிதத்தைக் கொண்டுபோங்கள். அவர்கள் பெயர் முதலில் இருக்கட்டும்.