மாயன் நகரமும் செனோட்டே குளியலும்: ஒரு நாள் சுற்றுலாவின் அடியில் ஓடும் நிலத்தடி நீர்

மெக்சிகோவின் கரீபியக் கடற்கரை நகரமான கான்கூனில் இருந்து நாள்தோறும் காலையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள் பல, ஏறத்தாழ ஒரே நிகழ்ச்சி நிரலைப் பின்பற்றுகின்றன. முதலில் மாயன் நாகரிகத்தின் பழம்பெரும் நகரமான சிச்சென் இட்சா. பிறகு, பாறைக்கு நடுவே கிணறு போல அமைந்த ‘செனோட்டே’ எனப்படும் இயற்கை நீர்நிலையில் குளியல். மாலையில் ஸ்பானியர் காலத்து நகரான வயாதோலிதில் சிறிது நேரம். இரவில் மீண்டும் கான்கூன்.

இடிபாடுகள் வரலாற்று ஆர்வலர்களுக்கு, குளியல் வெயிலில் களைத்தவர்களுக்கு என்பது போலவே இப்பயணம் விளம்பரப்படுத்தப்படுகிறது. ஆனால், இரண்டையும் இணைப்பது ஒரே நிலத்தடி நீர். அந்த நீர் கிடைத்ததால்தான் அங்கு நகரம் எழுந்தது. யுகாத்தான் தீபகற்ப மக்கள் இன்றும் நம்பியிருப்பது அதே நீரைத்தான். சுற்றுலாப் பயணிகள் நீந்துவதும் அதில்தான். எனவே, நீரில் இறங்கும் முன் விதிக்கப்படும் சிறு கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் பெரிய காரணம் இருக்கிறது.

ஆறு இல்லாத நிலம்

யுகாத்தான் தீபகற்பத்தின் வடபகுதியில் குறிப்பிடத்தக்க ஆறுகள் இல்லை. மழை குறைவு என்பது இதற்குக் காரணம் அன்று. அந்நிலப்பரப்பு முழுவதும் துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லால் ஆனது. பெய்யும் மழை மேற்பரப்பில் ஓடாமல் பாறை இடுக்குகள் வழியே கீழே இறங்கிவிடுகிறது.

காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்த மழைநீர் மெல்லிய அமிலத்தன்மை பெறுகிறது. அது பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து, நிலத்துக்கு அடியில் குகைகளையும் நீர்வழிகளையும் உருவாக்கியது. குகையின் கூரை வலுவிழந்து இடிந்து விழும்போது, அடியில் உள்ள நீர் வெளியே தெரிகிறது. அதுவே செனோட்டே. ‘சோனோட்’ என ஒலிக்கும் மாயன் சொல்லை ஸ்பானியர்கள் தங்கள் நாவுக்கேற்பத் திரித்து வழங்கிய பெயர் இது.

சில செனோட்டேக்கள் முழுக் கூரையுடன் குகையாகவே உள்ளன. சிலவற்றின் கூரை பாதி இடிந்திருக்கும். சில, வானம் தெரியும்படி முழுவதும் திறந்த வட்டக் கிணறுகள். சிச்சென் இட்சாவுக்கு அருகில் உள்ளதும் பயணிகள் அதிகம் செல்வதுமான இக் கில், கடைசி வகையைச் சேர்ந்தது. அங்கு நிலமட்டத்தில் இருந்து ஏறத்தாழ 26 மீட்டர் ஆழத்துக்குப் படிகளில் இறங்கினால்தான் நீரை அடைய முடியும்.

தீபகற்பத்தின் வடமேற்கில் செனோட்டேக்கள் அரைவட்ட வரிசையில் அமைந்துள்ளன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்து, டைனோசர்களின் அழிவுக்கு வழிவகுத்த விண்கல் உண்டாக்கிய சிக்சுலூப் பெரும்பள்ளத்தின் விளிம்பை அந்த வரிசை அடையாளம் காட்டுகிறது. பள்ளம் பிற்காலப் படிவுகளால் மூடப்பட்டுவிட்டது. எனினும், அதன் விளிம்பு நிலத்தடி நீரோட்டத்தின் போக்கை இன்றும் தீர்மானிக்கிறது.

கிணற்றின் வாயில் எழுந்த நகரம்

சிச்சென் இட்சா என்ற பெயருக்கு, ‘இட்சா மக்களின் கிணற்று வாயில்’ என்பது பொருள். நகரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. கி.பி. 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை செழித்திருந்த இந்நகரில் இரு பெரிய செனோட்டேக்கள் உள்ளன. ஷ்தோலோக் எனப்படும் ஒன்றின் நீர் அன்றாடத் தேவைக்குப் பயன்பட்டது. மற்றொன்று, சடங்குகளுக்கு உரிய புனிதக் கிணறு.

நகரின் மையத்தில் நிற்பது குகுல்கான் பிரமிடு. நான்கு பக்கங்களிலும் தலா 91 படிகள். உச்சி மேடையையும் சேர்த்தால் 365, அதாவது ஓராண்டின் நாள்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாள்களையொட்டி, மாலை வெயிலில் வடக்குப் படிக்கட்டின் ஓரம் முக்கோண நிழல்கள் வரிசையாக விழுகின்றன. பாம்பு ஒன்று கீழ்நோக்கி ஊர்வது போன்ற தோற்றத்தை அவை உண்டாக்குகின்றன.

இந்தப் பிரமிடுக்கு அடியிலும் நீர் இருக்கிறது. மெக்சிகோ தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாறைக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அதன் தடையை அளக்கும் முறையைக் கையாண்டனர். கட்டடத்துக்குக் கீழே நீர் நிரம்பிய பள்ளம் இருப்பதற்கான தடயம் கிடைத்ததாக 2015-இல் அவர்கள் தெரிவித்தனர்.

பிரமிடுக்கு வடக்கே ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள பழைய கல்பாவிய பாதை, சுமார் 60 மீட்டர் விட்டமுள்ள புனிதக் கிணற்றில் சென்று முடிகிறது. மழைக் கடவுளான சாக்குக்கு அங்கு காணிக்கைகள் செலுத்தப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்ட் தாம்சன் அக்கிணற்றில் தூர்வாரினார். தங்கம், பச்சைக்கல், மண்பாண்டங்கள், நறுமணப் பிசின் ஆகியவற்றுடன் மனித எலும்புகளும் கிடைத்தன. பல பொருள்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீபாடி அருங்காட்சியகத்துக்குச் சென்றன; அவற்றில் ஒரு பகுதி பின்னர் மெக்சிகோவுக்குத் திரும்பியது.

பலிகளைப் பற்றி வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் ஒன்றைப் புதிய ஆய்வு திருத்தியுள்ளது. கன்னிப் பெண்களே பலியிடப்பட்டனர் என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த கூற்று. புனிதக் கிணற்றின் அருகே, நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றில் 1967-இல் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவர்களில் 64 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவுகள் 2024 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின. அந்த 64 பேரும் ஆண் குழந்தைகள். அவர்களுள் ஒரே கருவில் உருவான இரட்டையர் இரு ஜோடியினரும் இருந்தனர்.

அக்குழந்தைகளின் மரபணுக்களுக்கும், அதே வட்டாரத்தில் இன்று வாழும் மாயன் மக்களின் மரபணுக்களுக்கும் இடையே தொடர்ச்சி இருப்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ‘மறைந்துபோன மாயன் இனம்’ என்ற தொடர் தவறானது என்பதற்கு இது மேலும் ஒரு சான்று. யுகாத்தான் மாயா மொழியை மெக்சிகோவில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் பேசுகின்றனர். பல செனோட்டேக்கள், ‘எகிதோ’ எனப்படும் பொது உடைமை நிலத்தில் அமைந்து, உள்ளூர்ச் சமூகத்தினராலேயே நடத்தப்படுகின்றன.

குளிக்கும் முன் ஏன் குளியல்?

செனோட்டேக்களில் இறங்கும் முன் பயணிகள் கட்டாயம் உடலைக் கழுவ வேண்டும். சன்ஸ்கிரீன், கொசு விரட்டி, வாசனைத் திரவியம், தலைக்கு எண்ணெய் ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. வேதிப்பொருள் குறைந்தது என விற்கப்படும் பூச்சுகளையும் பல இடங்களில் ஏற்பதில்லை.

இதற்குக் காரணம் பாறையின் இயல்பு. மண்ணடுக்கு தடிமனாக உள்ள நிலங்களில் கழிவுநீர் மெதுவாகக் கசிந்து, ஓரளவு வடிகட்டப்பட்ட பிறகே நிலத்தடி நீரை அடைகிறது. யுகாத்தானில் மண்ணடுக்கு மிக மெல்லியது. மேற்பரப்பில் சிந்துவது பாறைத் துளைகள் வழியே விரைவாக நீரில் கலந்து, நீர்வழிகளின் ஊடாக வெகுதூரம் பயணிக்கிறது. ஒரு செனோட்டேயில் கலக்கும் மாசு, அந்த ஒரு குளத்தோடு நின்றுவிடுவதில்லை.

நிலத்தடி வழிகள் எவ்வளவு நீண்டவை என்பதற்குத் துலூம் அருகே உள்ள சாக் அக்துன் குகை அமைப்பு ஓர் எடுத்துக்காட்டு. அது மற்றொரு குகை அமைப்புடன் இணைந்திருப்பது 2018-இல் கண்டறியப்பட்டபோது, நீரில் மூழ்கிய அதன் வழிகளின் மொத்த நீளம் 347 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. அக்குகைகளுள் ஒன்றில் 2007-இல் கிடைத்த பதின்வயதுச் சிறுமியின் எலும்புக்கூடு, 12 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. ‘நையா’ எனப் பெயரிடப்பட்ட அச்சிறுமி வாழ்ந்த காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் குகைகளின் பெரும்பகுதி உலர்ந்து கிடந்தது. செனோட்டேக்களில் இன்று காணப்படும் சுண்ணாம்பு விழுதுகளும் அத்தகைய உலர்ந்த காலங்களில் உருவானவையே.

நீதிமன்றம் சென்ற குழந்தைகள்

நீருக்கு நேரும் ஆபத்து பயணிகளின் சன்ஸ்கிரீனோடு முடிவதில்லை. விடுதிகளின் கழிவுநீர், வேளாண் வேதிப்பொருள்கள், பெரும் கால்நடைப் பண்ணைகள் ஆகியவை அதைவிடப் பெரிய சுமை.

மெரிடா நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஓமுன், செனோட்டே சுற்றுலாவை நம்பி வாழும் மாயன் ஊர். அங்கு சுமார் 49 ஆயிரம் பன்றிகளை வளர்க்கும் பண்ணைக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஊர் மக்கள் 2017-இல் தாங்களே வாக்கெடுப்பு நடத்தினர். பெரும்பான்மையோர் பண்ணையை எதிர்த்தனர். ஊரின் குழந்தைகள் பெயரில் வழக்குத் தொடரப்பட்டது. தூய்மையான சுற்றுச்சூழலுக்கான அவர்களது உரிமையை முன்னிறுத்திய அவ்வழக்கில், பண்ணையின் செயல்பாட்டை நிறுத்திவைக்குமாறு 2018-இல் நீதிபதி உத்தரவிட்டார். 2021-இல் மெக்சிகோ உச்ச நீதிமன்றமும் அந்த இடைக்கால உத்தரவை உறுதிசெய்தது.

மற்றொரு சர்ச்சை ரயில் பாதையைப் பற்றியது. சுமார் 1,500 கிலோமீட்டர் நீளமுள்ள ‘மாயா ரயில்’ திட்டத்தின் முதல் பகுதி 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. சிச்சென் இட்சாவுக்கும் இதில் நிலையம் உண்டு. கான்கூனுக்கும் துலூமுக்கும் இடையே, குகைகள் நிறைந்த காட்டுப் பகுதியில் பாதையின் ஒரு பகுதி உயர்த்தப்பட்ட தூண்களின் மேல் செல்கிறது. குகைகளைக் காக்கவே இந்த ஏற்பாடு என்பது அரசின் விளக்கம். ஆனால், அத்தூண்கள் சில குகைகளின் கூரையைத் துளைத்து நீருக்குள் இறங்கியிருப்பதை முக்குளிப்பவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் படம்பிடித்து வெளியிட்டனர். தென்பகுதியின் ஏழ்மையான ஊர்களுக்கு வேலையும் போக்குவரத்தும் தேவை என்பதை அத்திட்டத்தின் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

கான்கூனில் இருந்து சிச்சென் இட்சா ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவு; பேருந்தில் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். கான்கூன் உள்ள கிண்டானா ரோ மாநிலத்துக்கும், சிச்சென் இட்சா உள்ள யுகாத்தான் மாநிலத்துக்கும் ஒரு மணி நேர வேறுபாடு உண்டு. கான்கூனில் காலை 9 மணி என்றால் சிச்சென் இட்சாவில் 8 மணி. சிச்சென் இட்சாவில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். திரும்பும்போது அது கழிந்துவிடும். இதைக் கணக்கில் கொள்ளாதவர்கள் வாகனத்தையோ விமானத்தையோ தவறவிட நேரிடும்.

தொல்லியல் வளாகம் காலை 8 மணிக்குத் திறக்கிறது. நிழல் குறைவு என்பதால் முற்பகலே ஏற்ற நேரம். நுழைவுக் கட்டணம் மத்திய தொல்லியல் அமைப்புக்கும் மாநில அரசுக்கும் எனத் தனித்தனியே வசூலிக்கப்படுகிறது. சுற்றுலாக் கட்டணத்தில் இவை இரண்டும், செனோட்டே நுழைவும் அடங்குமா என்பதை முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டறிவது நல்லது. குகுல்கான் பிரமிடில் ஏற அனுமதி இல்லை. புனிதக் கிணற்றைக் கரையில் நின்று பார்க்கலாம். அதில் குளிக்க முடியாது.

செனோட்டே நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 24 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருக்கும். கரையோரத்திலேயே ஆழம் அதிகம். கால் ஊன்ற இடம் இருக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் உயிர்காப்பு உடை அணிய வேண்டும் என்பது பல இடங்களில் விதி. படிகள் ஈரமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் முதியவர்கள் கவனமாக இறங்க வேண்டும். குகைக்குள் முக்குளிப்பது, அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது.

கூட்டத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு வேறு வழிகளும் உண்டு. வயாதோலிதுக்கு வடக்கே உள்ள எக் பாலம் இடிபாடுகளின் அருகிலேயே செனோட்டே இருக்கிறது. 42 மீட்டர் உயரப் பிரமிடு உள்ள கோபாவையும், கடலோர மதில் நகரான துலூமையும் அருகில் உள்ள செனோட்டேக்களுடன் இணைத்து ஒரே நாளில் பார்க்கலாம். உள்ளூர்ச் சமூகம் நடத்தும் செனோட்டேயைத் தேர்ந்தெடுத்தால், கட்டணம் அந்நீரைக் காப்பவர்களுக்கே நேரடியாகச் சேரும்.

வெயிலில் இருந்து தோலைக் காக்க, பூச்சுக்குப் பதிலாக முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் போதுமானவை. குளத்தில் இறங்குபவர் அரை மணி நேரத்தில் கரையேறிவிடுவார். அவர் விட்டுச் செல்லும் எண்ணெய்ப் பூச்சு நீரோடு கலந்து, அடுத்த ஊரின் கிணறு வரை செல்லக்கூடும்.