கடல் நீருக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

கண்டி வியாபாரிக்குக் கடல் நீச்சற் போட்டியில் என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். நம் நகரத்துக் கான்களில் ஓடும் தண்ணீர் மெத எல வழியாக மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆறு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது. ஆகவே நமக்கும் அதில் பங்குண்டு.

பாரிஸ் மாநகரைப் பாருங்கள். 2024 ஒலிம்பிக்கை முன்னிட்டு செய்ன் நதியைச் சுத்தப்படுத்த ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவானது. அப்படியிருந்தும் ஜூலை 30ஆந் திகதி நடக்கவிருந்த ஆண்கள் ட்ரையத்லன் போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. சில நாட்களுக்கு முன் பெய்த மழையால் நதியில் கிருமி கூடியதே காரணம்.

இந்தக் கிருமிக் கணக்கை எப்படி எடுக்கிறார்கள்? கிருமி நீக்கிய போத்தலில் நீரை எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, தாமதமின்றி ஆய்வுகூடத்தில் சேர்க்கிறார்கள். கிருமி வளர்ந்து எண்ணத்தக்கதாக ஒன்றிரண்டு நாட்கள் செல்லும். கடல் நீரில் முக்கியமாக எண்ணப்படுவது மனித, மிருகக் கழிவிலிருந்து வரும் என்டரோகொக்கை. உப்பு நீரில் அது ஈ கோலியை விடக் கூடிய காலம் உயிரோடிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, எடுத்த மாதிரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, 100 மில்லி லீற்றருக்கு 40க்கு மேற்படாதிருந்தால் நீந்துபவருக்கு வயிற்று நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. 500ஐத் தாண்டினால் பத்துக்கும் மேல்.

இங்கேதான் நமக்குப் பாடமிருக்கிறது. இன்று கையில் கிடைக்கும் முடிவு நேற்றைய கடலைப் பற்றியது. இடையில் ஒரு மழை பெய்தால் கணக்கு மாறிவிடும். ஒருநாள் கல்லாவை எண்ணிக் கடையின் இலாப நட்டத்தைச் சொல்ல முடியுமா? மாதக்கணக்கில் பதிந்த பேரேடுதான் உண்மை பேசும். கல்கிஸ்ஸையில் இரண்டு மைல் கடல் நீச்சல் நடத்துபவர்களுக்கும், பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் அறை வாடகைக்கு விடும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். ஒழுங்காக மாதிரி எடுத்து முடிவுகளைத் திகதிவாரியாக வைத்திருப்பவர், கேள்வி வரும்போது காகிதத்தைக் காட்டலாம். வாய்ப்பேச்சை வெளிநாட்டுப் பயணி நம்பமாட்டார்.

கண்டிக்கு வருவோம். இங்கிருந்து போகும் கிருமி மூதூர் வரை உயிரோடு போய்ச் சேருவது அரிது. வழியில் பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. ஆனால் மெத எல கலக்கும் இடத்துக்குக் கீழேதான் கட்டுகஸ்தோட்டை குடிநீர்த் திட்டம் மகாவலியிலிருந்து நீர் எடுக்கிறது. கடலுக்கு முன்னே நம் வீட்டுக் குழாய்க்குத்தான் பாதிப்பு. 1999இல் கண்டி வாவி பாசி படர்ந்து பச்சையாகிப் போனதைக் கண்டவர்கள் நாம். கழிவு கூடினால் நீர் என்னவாகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நாம் செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. ஹோட்டல் வைத்திருப்பவர் சமையலறைக் குழாயில் எண்ணெய் தேங்கும் பொறியொன்றைப் பூட்டி, வாராவாரம் துப்புரவு செய்யலாம். மலசலக் குழி நிரம்பினால் இரவில் கானுக்குத் திறந்துவிடாமல் கலி பவுசரை அழைக்கலாம். நகரக் கழிவுநீர்க் குழாய் கடை வாசல் வரை வந்திருந்தால் இணைப்பைப் பெற்றுக்கொள்ளலாம்.

பாரிஸ் செலவழித்த கோடிகள் நம்மிடமில்லை. அழுக்கைப் பின்னர் அகற்றுவதை விட, கானில் விடாமல் தடுப்பது மலிவு. இலாப நட்டம் தெரிந்த வியாபாரிக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டுமா?